தீராத மாதிரி

மார்ச் 4ஆம் தேதி, புதன்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, புதுத்தொழில் மதிப்பீட்டு மையத்தின் இரண்டாம் மாடி மூன்றாம் அறையில் ஆறு கணினிகளும் ஆறு நாற்காலிகளும் மாதிரியாகப் பெற்றுக்கொள்ளப்பட்டன. பதிவேட்டில் வரிசை எண் 212. அதற்கு முந்தைய எண்ணில் ஆரஞ்சு ஜாம், பன்னிரண்டு புட்டிகள். அதன் எதிரே சிவப்பு மையில் ‘தீர்ந்தது’ என்று எழுதியிருந்தது.

கணினிகளைக் கொண்டுவந்தவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வயது நாற்பத்தாறு. தெருவுக்கே அவர் கண்ணாடியக்கா. யாரைப் பார்த்தாலும் முதலில் மூக்குத்தண்டின் அகலத்தைக் கணக்குப் போடுவதும், எவ்வளவு பொடி எழுத்தாக இருந்தாலும் கடைசி வரிவரை படித்துவிடுவதும் அவருடைய தொழில் கொடுத்த பழக்கங்கள்.

அவர் கடைக்கு மேலே ஒரு பெரிய கூடம் காலியாகக் கிடந்தது. கண் பரிசோதனைக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகள் பேசிக்கொள்வதை அவர் கேட்டிருந்தார். போட்டியாக வீடியோ கேம் ஆடுவதற்கு இரண்டு மணி நேரம் ரயிலேறிப் பெரிய நகரத்துக்குப் போகிறார்கள். போய் வரிசையில் நிற்கிறார்கள். ஆடிவிட்டுக் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். இந்த ஊரிலேயே ஒரு கூடம் இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அவருடைய கொழுந்தன் வேலை பார்த்த கம்பெனி மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவன் தன் பைக்கை விற்று, உதிரி பாகங்கள் வாங்கி, ஆறு கணினிகளைத் தன் கையாலேயே பூட்டினான். இது நடக்கவில்லையென்றால் எங்கோ வெளிநாட்டுக் கிடங்கில் பெட்டி தூக்கப் போவதாக முடிவு செய்து, கடவுச்சீட்டுக்குப் படமும் எடுத்து வைத்திருந்தான்.

கூடத்தின் உரிமையாளர் மே 31 வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்கு மேல் ஆனால் மெத்தை வியாபாரி ஒருவருக்குக் கிடங்காகக் கொடுத்துவிடுவார். நகராட்சி உரிமம் தர வேண்டுமானால் மதிப்பீட்டு மையத்தின் சான்றிதழ் வேண்டும். மையம் சான்றிதழ் தர வேண்டுமானால் மாதிரி வேண்டும்.

“எதுக்குங்க ஆறும்?” என்று கொழுந்தன் முதல் நாளே கேட்டுவிட்டான். “ஒண்ணு வெச்சாப் போதாதா?”

“போட்டிங்கறீங்க. ஒத்த மெஷின வெச்சுக்கிட்டு நான் யாரோட போட்டி போடறது?” என்றார் பதிவறை எழுத்தர்.

எழுத்தர் இந்த மையம் வருவதற்கு முன்பிருந்தே, இருபத்தாறு வருடமாக முத்திரை குத்துகிறவர். வலது கை இடது கையைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கும். மூக்குத்தண்டு மெலிது. கண்ணாடி நழுவிக்கொண்டே இருந்ததைக் கண்ணாடியக்கா கவனித்தார்.

மாதிரிப் படிவத்தில் நாற்பது கேள்விகள். மையம் தொடங்கிய காலத்தில் தின்பண்டம் செய்கிறவர்களும் சோப்புக் காய்ச்சுகிறவர்களும்தான் வந்தார்களாம். படிவம் அவர்களுக்காக அச்சடிக்கப்பட்டது. அந்த அச்சுக்கட்டு இன்னும் தீரவில்லை.

“சுவை?” என்றார் எழுத்தர்.

“கணினிங்க இது.”

“தெரியுதும்மா. சுவை?”

“பொருந்தாதுன்னு போட்டுக்குங்க.”

“அப்படிப் போட இடமில்ல. இனிப்பு, புளிப்பு, காரம், மிதம். நாலுதான்.”

கண்ணாடியக்கா கொழுந்தனைப் பார்த்தார். அவன் “மிதம்” என்றான். நுரை ‘குறைவு’ என்றும், கெட்டுப்போகும் காலம் ‘குளிர்ந்த இடத்தில் வைத்தால் ஐந்து வருடம்’ என்றும் பதிவாயின.

மையத்தின் இயக்குநர் தன் அறைக்கு அழைத்தார். அவர் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலிதான் இருந்தது. கொழுந்தன் சுவரோரம் நின்றுகொண்டான்.

“நாங்க எதையும் மறுக்கறதில்லம்மா,” என்றார் இயக்குநர். “மறுத்தா ஏன்னு கேப்பாங்க. ஒத்துக்கிட்டா, நாளைக்கு அந்தக் கடை படுத்துடுச்சுன்னா, யார் ஒத்துக்கிட்டான்னு கேப்பாங்க. மதிப்பீடு பண்ணிக்கிட்டே இருந்தா யாரும் எதையும் கேக்க மாட்டாங்க. இருபத்திரண்டு வருஷமா இந்த மையத்து மேல ஒரு புகார் கிடையாது.”

“எத்தனை நாள் ஆகும் சார்?”

“அது உங்க மாதிரி கையில இருக்கு. மாதிரி முழுக்கத் தீர்ந்தப்புறம்தான் முடிவு எழுதுவோம். பாதிப் புட்டி ஜாமை வெச்சுக்கிட்டு நல்லாருக்குன்னு எழுதறது நியாயமில்ல பாருங்க. புட்டியோட அடியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

“ஜாம் தீருங்க. இது கேம். இது எப்படித் தீரும்?”

இயக்குநர் புன்னகைத்தார். “எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க.”

அவருக்குப் பக்கத்தில் இடர்ப்பாட்டு உறுப்பினர் உட்கார்ந்திருந்தார். ஒரு தொழிலில் என்னென்ன ஆபத்து உண்டு என்று பார்ப்பது அவர் வேலை. அந்த வேலையின் முன்னெச்சரிக்கையாக அவர் ஒன்பது வருடமாக அலுவலக நேரத்தில் கட்டடத்தை விட்டு வெளியே போனதில்லை. அவர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டுத் தலைநிமிர்ந்தார்.

“மாடியில கேம் கூடம். கீழ கண்ணாடிக் கடை. ரெண்டும் நீங்கதானா?”

கண்ணாடியக்கா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். இந்தக் கேள்வி வரும் என்று வீட்டிலேயே நினைத்திருந்தார். “ஆமாங்க. ஆனா கண்ணு கெடற மாதிரி விட மாட்டேன். திரைக்கும் கண்ணுக்கும் தூரம் அளந்து நாற்காலி போடுவேன். அரைமணிக்கு ஒரு தடவை எழுப்பி விட்டுடுவேன். வெளிச்சம் பின்னாலேர்ந்து...”

“அதைச் சொல்லாதீங்க. மதிப்பெண் குறையும்,” என்றார் உறுப்பினர். “மேல கண்ணு கெடும், ஒரு மாடி இறங்கினா கண்ணாடி. வாடிக்கையாளர் வெயில்லகூட நடக்க வேண்டாம். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ஒருங்கிணைந்த திட்டத்தை நான் பாத்ததில்ல.” அவர் பத்துக்கு ஒன்பது போட்டார்.

வெளியே வந்தபோது தாழ்வார பெஞ்சில் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன. சோப்புக் காய்ச்சுகிறவராம். இரண்டு வருடம் முன்பு இருநூறு சோப்பு மாதிரியாகக் கொடுத்திருந்தார்.

“இன்னும் எவ்வளவு பாக்கி?” என்றான் கொழுந்தன்.

“பதினாலு. இவங்க கை கழுவறதே இல்லப்பா. அதான் செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் நானே வந்து கழுவறேன். இன்னிக்குப் புதன். மனசு கேக்கல, வந்துட்டேன்.” அவர் எழுந்து மறுபடியும் கழுவறைக்குப் போனார்.

“அண்ணி,” என்றான் கொழுந்தன் படி இறங்கும்போது. “நாம இங்க வந்து கேம் ஆடியே தீக்கணுமா?”

“வாய மூடிட்டு வா. யோசிக்க விடு.”

கொழுந்தன் கணினிகளில் ஏற்றிக் கொடுத்திருந்த ஆட்டம் பக்கத்துக்கு மூன்று பேராக ஆடுவது. இரண்டு கோட்டைகள். பன்னிரண்டு நிமிடத்துக்குள் எதிரியின் கோட்டையை உடைக்க வேண்டும். ஜெயிக்க ஜெயிக்க ஆடுகிறவர் மரப்படியிலிருந்து செம்பு, வெள்ளி, பொன், வைரம் என்று ஏறி, கடைசியில் சக்கரவர்த்தி ஆகலாம்.

மதிப்பீடு மறுநாளே தொடங்கியது. இயக்குநர் ஒரு வைத்தியச்சியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். பச்சைத் தொப்பி போட்ட அந்தப் பெண் எல்லாருக்கும் பின்னால் நின்று, அடிபட்டவர்களுக்கு மருந்து தெளிப்பாள். யாரையும் அடிக்க வேண்டியதில்லை. “நிர்வாகத்துக்கு ஏத்த பாத்திரம்,” என்றார். தாக்குவதற்கு முன் முன்மொழிவு எழுதிச் சுற்றுக்கு விட வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். முதல் வாரத்தில் அவர் அணி பத்தொன்பது ஆட்டம் தோற்றது. ஒவ்வொரு முறையும் கோட்டை விழும்போது முன்மொழிவு இரண்டாவது கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

இடர்ப்பாட்டு உறுப்பினர் கோட்டை வாசலைத் தாண்டவே இல்லை. வெளியே ஆபத்து என்பது திரையிலேயே தெரிந்தது. பன்னிரண்டு நிமிடமும் உள்ளேயே சுவரைப் பார்த்து நிற்பார். கோட்டை இடிந்து விழும்போது அவர் தலைமேல்தான் விழும். ஆனால் அதை ஆட்டம் சாவுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

“ஒரு மாசமா ஆடறேன். ஒரு தடவைகூடச் சாகல,” என்று கண்ணாடியக்காவிடம் சொன்னார். “இந்த மையத்துல வேற யாராலயாவது சொல்ல முடியுமா?”

ஆடத் தெரிந்தவர் எழுத்தர்தான். இருபத்தாறு வருடம் முத்திரை குத்திய கை பொத்தானைத் தட்டத் தொடங்கினால் எதிரி ஆள் நிமிர முடியாது. ஏப்ரல் பாதிக்குள் அவர் வைரப்படியில் இருந்தார். கண்ணாடி நழுவாமல் இருக்கப் பின்னால் கயிறு கட்டியிருந்தார்.

செய்தி மற்ற மாடிகளுக்கும் பரவியது. நிலப்பதிவுக்காரர்கள் வந்தார்கள். எடைகளைச் சோதிக்கிற துறையிலிருந்து ஒரு அணி வந்தது. வரிசைக்காகச் சீட்டு போட்டார்கள்; பார்க்கிறவர்கள் உட்கார பெஞ்சு போட்டார்கள். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை ஆறு நாற்காலியும் சூடு ஆறவில்லை. ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்கார்ந்தால் பொத்தான்களில் பிசுபிசுப்பு ஒட்டுகிறது என்று நிலப்பதிவுக்காரர் ஒருவர் புகார் செய்ததால், கை கழுவிய பிறகே விளையாடலாம் என்று எழுத்தர் ஒரு அட்டை மாட்டினார். சோப்புக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, கழுவறைக் கதவு திறந்து மூடுவதைக் கண்கொட்டாமல் பார்த்தார்.

“பாக்கி எட்டு ஆயிடுச்சு,” என்றார் கண்ணாடியக்காவிடம். “உங்க புண்ணியத்துல.”

கண்ணாடியக்கா செவ்வாய்தோறும் வந்துபோனார். அவர் கடைக்கும் கூட்டம் வந்தது. மையத்து ஊழியர்கள் ஒவ்வொருவராகக் கண் எரிகிறது என்று வந்து நின்றார்கள். உறுப்பினர் சொன்ன திட்டம் வேலை செய்தது. கூடம் மட்டும்தான் இன்னும் திறக்கவில்லை. உரிமையாளர் போன் செய்து, மெத்தைக்காரர் அளந்து பார்க்க வருவதாகச் சொன்னார்.

“அண்ணி, சக்கரவர்த்திக்கு மேல படி கிடையாது,” என்றான் கொழுந்தன் ஒரு நாள். “இயக்குநர் சக்கரவர்த்தி ஆயிட்டா தீர்ந்ததுன்னு எழுதித்தானே ஆகணும்?”

“அவரா? வைத்தியச்சிய வெச்சுக்கிட்டு மருந்தையே சுவத்துல அடிக்கறாரு.”

“நாம தூக்கி விடுவோம்.”

தூக்கினார்கள். எழுத்தர் ஒரு பக்கம், கொழுந்தன் மறுபக்கம், நடுவில் வைத்தியச்சி. எடைச்சோதனைக்காரர்களிடம் கண்ணாடியக்கா போய்க் கெஞ்சி, விட்டுக்கொடுத்து ஆடச் சொன்னார். அவர்கள் முதலில் தங்கள் நேர்மையைப் பற்றிப் பேசினார்கள். ஒரு கண்ணாடிக்கு இன்னொன்று இலவசம் என்றதும் கேட்டுக்கொண்டார்கள். மே 20ஆம் தேதி மாலை நாலே காலுக்கு இயக்குநரின் திரையில் கிரீடம் இறங்கியது. அறை கைதட்டியது. அவர் எழுந்து நின்றார்.

“இது தனி மனிதனோட வெற்றியில்ல,” என்றார். “முறையா முன்மொழிவு எழுதினதுக்குக் கிடைச்ச வெற்றி. நாளைக்குக் காலைல ‘தீர்ந்தது’ன்னு எழுதிடலாம்.”

மறுநாள் காலை சிவப்பு மையோடு எல்லாரும் வந்து கணினியைத் திறந்தார்கள். புதிய பருவம் தொடங்கிவிட்டதாகத் திரையில் எழுதியிருந்தது. ஆட்டத்தை நடத்துகிற கம்பெனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாரையும் கீழே இறக்கிவிடுமாம். இயக்குநர் மரப்படியில் இருந்தார். எழுத்தரும் மரப்படியில்தான். சுவரைப் பார்த்து நின்ற உறுப்பினர் எப்போதும் போல மரப்படியில் இருந்தார்; அவருக்கு மட்டும் நஷ்டமில்லை.

“தெரியுமாடா உனக்கு இது?” என்றார் கண்ணாடியக்கா.

“தெரியும். தேதிய மறந்துட்டேன் அண்ணி.”

கண்ணாடியக்கா அவனைத் திட்டவில்லை. நேராக எழுத்தரிடம் போனார். “இது தீராதுங்க. கடைசி மனுஷன் இருக்கற வரைக்கும் தீராது. தீராத பொருளுக்கு உங்க விதியில என்ன இருக்கு?”

எழுத்தர் பீரோவைக் குடைந்தார். இருந்தது. பதினொன்றாம் விதி: தன்மையிலேயே தீராத மாதிரியாக இருந்தால், எண்பது நாளுக்குப் பிறகு சுற்றுப்புற ஆய்வு நடத்தி முடிவு எழுதலாம்.

பெஞ்சிலிருந்து சோப்புக்காரர் எட்டிப் பார்த்தார். “அது எனக்கு?”

“உங்களது கரையும்,” என்றார் எழுத்தர். “பொறுமையா இருங்க.”

சுற்றுப்புற ஆய்வு என்பது அந்தப் பகுதியில் அதே தொழில் ஏற்கெனவே நடக்கிறதா என்று பார்ப்பது. அது இடர்ப்பாட்டு உறுப்பினரின் வேலை. அவர் கட்டடத்தை விட்டு வெளியே போக மாட்டாரே என்று கண்ணாடியக்கா கேட்டார். போகத் தேவையில்லை, கட்டடமும் பகுதியில்தானே இருக்கிறது என்று பதில் வந்தது. உறுப்பினர் ஒரு அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு தரைத்தளத்திலிருந்து தொடங்கி மாடி மாடியாக ஏறினார். ஆய்வு மூன்று நாள் நடந்தது.

மே 29, வெள்ளிக்கிழமை காலை, இயக்குநர் உத்தரவைக் கண்ணாடியக்காவின் கையில் கொடுத்தார்.

‘இப்பகுதியில் போட்டி விளையாட்டுக் கூடத்துக்கு மக்களிடம் பெரும் வரவேற்பு இருப்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. எனினும் அத்தகைய கூடம் ஒன்று, ஆறு கணினிகளுடன், நாள்முழுதும் நிரம்பிய நிலையில், இப்பகுதியில் ஏற்கெனவே இயங்கிவருகிறது. கட்டணமும் இல்லை. அதனுடன் போட்டியிட்டு விண்ணப்பதாரர் நஷ்டமடைவார். அவர் நலன் கருதி விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.’

“எங்க இருக்கு அந்தக் கூடம்?” என்றார் கண்ணாடியக்கா.

“இரண்டாம் மாடி, மூன்றாம் அறை,” என்றார் உறுப்பினர்.

“அது என் மாதிரி சார்.”

“யாரோடதுன்னு ஆய்வுல கேக்கறதில்ல. இருக்கா இல்லையான்னுதான். நான் கண்ணால பாத்தேன். உக்கார இடமில்ல.”

“இருபத்திரண்டு வருஷத்துல நாங்க எழுதற முதல் மறுப்பு இது,” என்றார் இயக்குநர். குரலில் வருத்தம் இருந்தது. “உங்கமேல அக்கறை இல்லாட்டி எழுதியிருக்க மாட்டோம். இப்படி நல்லா ஓடற இடத்தோட மோதி நீங்க ஏன் அழியணும்?”

கொழுந்தன் சுவரோரம் நின்றபடி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். கடவுச்சீட்டுக்கு எடுத்த படம் அங்கே இருந்தது. அன்று வெள்ளி. உரிமையாளர் ஞாயிறு வரைதான் பொறுப்பார்.

கண்ணாடியக்கா தாழ்வார பெஞ்சில் உட்கார்ந்து உத்தரவைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்க விதிகள், கடுகைவிடச் சின்ன எழுத்தில். அச்சடித்த நாளிலிருந்து யாரும் படித்ததில்லை. படிக்கிற அளவில் அது அச்சடிக்கப்படவில்லை. அவர் கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். பத்து நிமிடம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்தார்.

“டேய், போய் ஒரு வண்டி பேசிட்டு வா.”

“எதுக்கு அண்ணி?”

“பதினாலாம் விதி. நிராகரிச்சா, மிச்சம் இருக்கற மாதிரிய விண்ணப்பதாரர் கேட்ட அன்னிக்கே திருப்பிக் கொடுக்கணும்.”

எழுத்தர் லென்ஸை வாங்கிப் பார்த்தார். அப்படித்தான் எழுதியிருந்தது. இதுவரை யாருக்கும் மறுப்பும் இல்லை, மிச்சமும் இருந்ததில்லை. விதியைப் பயன்படுத்த வாய்ப்பே வரவில்லை.

பதினொன்றரைக்கு முதல் கணினியைக் கழற்றினார்கள். இயக்குநர் தன் நாற்காலியிலிருந்து எழவில்லை. அவர் திரையில் வைத்தியச்சி மருந்து தெளித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஒரே ஒரு ஆட்டம். ஜெயிச்சா வெள்ளிப்படி. இந்த முறை யாரும் தூக்கி விடல. நானே ஏறினேன்.”

“பாவமா இருக்கு சார். ஆனா விதி இருக்கே.”

“இதை வேற எங்க போய் ஆடறது?”

“பெரிய நகரத்துல ஆடலாம். ரயில்ல ரெண்டு மணி நேரம்.” கண்ணாடியக்கா கம்பியைச் சுருட்டினார். “இல்ல, எங்க மாடியில ஆடலாம். அதுக்குச் சான்றிதழ் வேணும்.”

இயக்குநர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

“பதினஞ்சாம் விதியும் பாத்துட்டேன்,” என்றார் கண்ணாடியக்கா. “மறுத்த காரணம் இல்லாமப் போயிட்டா, மறுப்பும் இல்லாமப் போயிடும். மறுபடி மாதிரி கேக்கக் கூடாது. ஆய்வு மட்டும் ஒரு தடவை பண்ணணும்.”

ஆறாவது கணினியும் வண்டியில் ஏறியதும் இடர்ப்பாட்டு உறுப்பினர் அட்டையை எடுத்துக்கொண்டு மூன்றாம் அறை வாசல்வரை போனார். உள்ளே பெஞ்சுகளும் ஒரு வரிசைச் சீட்டுக் கட்டும் மட்டுமே இருந்தன. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, ‘இப்பகுதியில் அத்தகைய கூடம் எதுவும் இல்லை, பொதுமக்கள் பெரும் அவதியில் உள்ளனர்’ என்று எழுதினார். ஆய்வு நான்கு நிமிடத்தில் முடிந்தது.

“அக்கறை இல்லாட்டி இவ்வளவு சீக்கிரம் பண்ணுவோமா?” என்றார் இயக்குநர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே. “எத்தனை மணிக்குத் திறப்பீங்க?”

“பத்து மணிக்கு.”

“அலுவலக நேரமாச்சே.” அவர் சற்று யோசித்தார். “பரவால்ல. தொடர் மதிப்பீடுன்னு ஒரு கோப்பு திறந்துக்கலாம்.”

“திறந்துக்குங்க. ஆனா சீட்டு வாங்கிட்டுத்தான் உக்காரணும்,” என்றார் கண்ணாடியக்கா.

பெஞ்சில் சோப்புக்காரர் மட்டும் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். வண்டி கிளம்பினால் கூட்டம் போய்விடும். கூட்டம் போனால் கை கழுவ ஆளில்லை. இன்னும் ஒரே ஒரு சோப்புதான் பாக்கி.

“நீங்க ஏன் கவலைப்படறீங்க?” என்றார் கண்ணாடியக்கா. “கை கழுவற ஆளெல்லாம் எங்க மாடிக்குத்தான் வரப்போறாங்க.”

“மாதிரிய வெளிய விட மாட்டாங்களே.”

இருவரும் எழுத்தரைப் பார்த்தார்கள். எழுத்தர் கண்ணாடிக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். “பதிவேட்டுல எழுதிட்டு நான் எடுத்துட்டுப் போகலாம். அஞ்சு மணிக்குள்ள திரும்பி வந்துடணும். அவ்வளவுதான்.”

உரிமையாளர் அன்று மாலையே சாவியைக் கொடுத்தார். மெத்தைக்காரர் அளந்த நாடாவை மாடியில் மறந்துவிட்டுப் போயிருந்தார். திரைக்கும் நாற்காலிக்கும் தூரம் அளக்க அது உதவியது. நகராட்சி உரிமமும் கைக்கு வர, ஜூன் 3ஆம் தேதி கூடம் திறந்தது. முதல் நாள் வந்தவர்கள் பதினேழு பேர். அதில் பதினொருவர் மையத்தைச் சேர்ந்தவர்கள். அரைமணிக்கு ஒரு தடவை கொழுந்தன் மணியடித்து எல்லாரையும் எழுப்பிவிட்டான். இடர்ப்பாட்டு உறுப்பினர் வரவில்லை.

எழுத்தர் ஒவ்வொரு நாளும் ஒரு டப்பாவில் சோப்பைக் கொண்டுவந்து, மாடிக் குழாயடியில் வைத்து, மாலையில் எடுத்துப் போனார். ஜூன் 16ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்குச் சோப்பு தீர்ந்தது.